நிலம் நடுங்கிய முப்பது ஆண்டுகள்

1934ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 24ஆம் தேதி காந்தியடிகள் திருநெல்வேலியில் இருந்தார். தீண்டாமை ஒழிப்புக்காக அவர் நாடெங்கும் மேற்கொண்ட சுற்றுப்பயணம் அப்போது தமிழ்நாட்டில் நடந்துகொண்டிருந்தது. அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன் பீகாரையும் நேபாளத்தையும் ஒரு பெரும் பூகம்பம் உலுக்கிவிட்டது. திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில் அதைக் குறிப்பிட்ட காந்தியடிகள், பீகாருக்கு நேர்ந்த துன்பம் தீண்டாமை என்னும் பாவத்துக்காக இறைவன் அனுப்பிய தண்டனை என்றே தாம் நம்புவதாகச் சொன்னார்.

இதைப் படித்த ரவீந்திரநாத் தாகூர் திடுக்கிட்டார். இயற்கையின் உற்பாதங்களுக்கு இயற்கையிலேதான் காரணம் தேட வேண்டும் என்று அவர் ஓர் அறிக்கை எழுதினார். இத்தகைய வாதம் காந்தியடிகளைவிட அவருடைய எதிரிகளுக்கே அதிகம் பொருந்தும் என்றும், தீண்டாமையை ஒழிக்க முயன்றதால்தான் கடவுள் சினந்தார் என்று அவர்கள் திருப்பிச் சொன்னாலும் தாம் வியக்கப் போவதில்லை என்றும் அதில் சுட்டிக்காட்டினார். காந்தியடிகள் அந்த அறிக்கையைத் தம் ‘ஹரிஜன்’ பத்திரிகையிலேயே 1934 பிப்ரவரி 16ஆம் தேதி வெளியிட்டு, அருகிலேயே தம் பதிலையும் பதிப்பித்தார். தம் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. மாறுபட்ட இருவர் ஒருவரையொருவர் எவ்வளவு மதித்தனர் என்பதற்கு அந்தப் பக்கங்கள் சான்று.

இவ்விரு பெரியோரும் வாதிட்டுக்கொண்டிருந்த நாட்களில், பீகாரின் இடிபாடுகளுக்கிடையே நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் கையுமாகச் சிலர் சுற்றிக்கொண்டிருந்தனர். எந்தச் சுவர் முதலில் விழுந்தது, எந்தத் திசையில் விழுந்தது, பக்கத்து வீடு ஏன் விழவில்லை என்பவைதாம் அவர்கள் கேட்ட கேள்விகள். 1905ஆம் ஆண்டின் காங்கிரா பூகம்பத்துக்கும் 1935ஆம் ஆண்டின் குவெட்டா பூகம்பத்துக்கும் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில், உலகின் பல மூலைகளிலும் அந்தக் கேள்விகள் கேட்கப்பட்டன. அவற்றுக்குக் கிடைத்த விடைகளும், கிடைத்தும் பயன்படாமற்போன விடைகளுமே இன்றைய பேச்சின் பொருள்.

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த நமக்குக் காலடி நிலம் அசையும் என்பது பழக்கமில்லாத எண்ணம். நம் ஊர் முற்றிலும் விலக்குப் பெற்றது என்று சொல்வதற்கில்லை. 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி கோயம்புத்தூர்ப் பகுதியில் தோன்றிய நடுக்கம் தென்னிந்தியா முழுதும் உணரப்பட்டது. ஆயினும் உத்தியோகத்துக்காகவும் வாணிகத்துக்காகவும் வடக்கே குடியேறிய நம்மவர் டில்லியிலும் பாட்னாவிலும் கௌஹாத்தியிலும் எழுப்பும் வீடுகள், சென்னையைக் காட்டிலும் அபாயம் மிகுந்த நிலத்தின்மேல் நிற்கின்றன. இமயத்தின் அடிவாரம் அருகில் இருப்பதே அதற்குக் காரணம்.

அந்த அடிவாரத்தில் 1905 ஏப்ரல் 4ஆம் தேதி விடியற்காலையில் காங்கிரா பள்ளத்தாக்கு அதிர்ந்தது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். காங்கிரா, தர்மசாலா ஆகிய ஊர்களில் நிமிர்ந்து நின்ற வீடு அரிதாயிற்று. பழம்பெருமை வாய்ந்த காங்கிராக் கோட்டை சிதைந்தது. நகரத்தின் புகழ்பெற்ற தேவி கோயில் தரைமட்டமாயிற்று. மக்கள் இன்னும் வீட்டுக்குள் இருந்த நேரம் அது. வீடுகளோ பச்சைச் செங்கல்லாலும், மண்சாந்து பூசி அடுக்கிய கல்லாலும் ஆனவை. அவற்றின்மேல் மலைப்பிரதேசத்துக்கே உரிய கனத்த சிலேட்டுக் கல் ஓடுகள். சுவர் விலகியதும் அவ்வளவு பாரமும் உறங்குபவர் மேல் இறங்கியது. வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ‘குல்’ என்னும் மலை வாய்க்கால்களும் உடைந்துபோனதால், உயிர் தப்பியவர்களுக்கு அடுத்த கவலை பயிரைப் பற்றியதாயிற்று.

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த மிடில்மிஸ் என்பவர் அந்தச் சேதங்களை ஆராய்ந்து, அதிர்ச்சி எங்கே எவ்வளவு கடுமையாக இருந்தது என்று படம் வரைந்து விரிவான அறிக்கை எழுதினார். அது 1910இல் வெளியாயிற்று. அந்தத் துறைக்கு இது புதிய வேலையன்று. 1897ஆம் ஆண்டின் மாபெரும் அசாம் பூகம்பத்தை ஆராய்ந்த ஓல்டாம் என்பவரும் அதே துறையினர்தாம். அசாமில் தோன்றிய அதிர்வு கடல் கடந்து ஐரோப்பியக் கருவிகளில் பதிந்திருந்ததைக் கண்ட ஓல்டாம், ஒரு பூகம்பம் ஒன்றல்ல, வெவ்வேறு வேகமுடைய மூன்று வகை அலைகளை அனுப்புகிறது என்று கண்டறிந்தார். 1906இல் அந்த அலைகள் போகும் விதத்தைக் கொண்டே, பூமியின் நடுவில் தனித் தன்மையுடைய ஒரு கரு உண்டு என்றும் நிறுவினார். ஷில்லாங்கின் அழிவிலிருந்து பூகோளத்தின் கருவரை சென்ற சிந்தனை அது. தொலைதூர அதிர்வுகளைப் பதியும் மில்ன் கருவிகள் அந்நாளில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் நிறுவப்பட்டன. நம் கோடைக்கானல் வான ஆய்வுக்கூடத்திலும் ஒன்று வைக்கப்பட்டது.

காங்கிராவுக்கு மறு ஆண்டு, 1906 ஏப்ரல் 18ஆம் தேதி காலை 5 மணி 12 நிமிடத்துக்கு அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரம் குலுங்கியது. சான் ஆண்ட்ரியாஸ் என்னும் நிலப்பிளவு ஏறத்தாழ 470 கிலோமீட்டர் நீளத்துக்கு வழுக்கிற்று. சில இடங்களில் சாலையும் வேலியும் 6 மீட்டர் வரை விலகி நின்றன. ஆனால் நகரத்தை அழித்தது அதைத் தொடர்ந்த நெருப்பு. எரிவாயுக் குழாய்களும் புகைபோக்கிகளும் உடைந்து பல இடங்களில் தீப்பற்றியது. சிதைந்த புகைபோக்கியை அறியாமல் ஒரு வீட்டில் காலை உணவுக்கு அடுப்பு மூட்டியதே ஒரு பெருந்தீக்குக் காரணமாயிற்று. தீயணைப்போர் ஓடி வந்து குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. நிலத்தடிக் குழாய்கள் முறிந்துவிட்டன. தீயணைப்புப் படையின் தலைவரே பூகம்பத்தில் படுகாயமுற்று, சில நாட்களில் இறந்தார். டைனமைட்டு வைத்துக் கட்டடங்களைத் தகர்த்து நெருப்புக்கு இடைவெளி உண்டாக்க முயன்றனர். தேர்ச்சியில்லாத கைகளில் அதுவும் புதிய தீயை மூட்டிற்று. மூன்று நாட்களுக்குமேல் எரிந்து நகரத்தின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. 4 லட்சம் மக்களில் பாதிக்குமேல் வீடிழந்தனர். மேட்டுப்பாங்கான ஓர் இடத்தில் ஒரே ஒரு தீயணைப்புக் குழாய் மட்டும் தண்ணீர் தந்து ஒரு பேட்டையைக் காப்பாற்றியது. ஆண்டுதோறும் அதே நாளில் அந்தக் குழாய்க்குப் பொன்வண்ணம் பூசி அவ்வூரார் நன்றி செலுத்துகின்றனர். நாம் ஆயுத பூஜையில் கருவிகளுக்குச் சந்தனம் இடுவது நினைவுக்கு வருகிறது.

அந்நகரத்து வணிகப் பிரமுகர்கள் அந்த நிகழ்ச்சியைப் ‘பூகம்பம்’ என்று அழைக்க விரும்பவில்லை; ‘பெருந்தீ’ என்றே சொன்னார்கள். தீ எந்த ஊரிலும் பிடிக்கும், பூகம்பம் என்றாலோ முதலீடு செய்வோர் அஞ்சி ஓடுவர். காப்புறுதிக் கம்பெனிகள் தீயால் ஏற்பட்ட நஷ்டத்துக்குப் பணம் தந்தன, நடுக்கத்தால் ஏற்பட்டதற்குத் தரவில்லை என்பதும் ஒரு காரணம். இறந்தோர் தொகையும் சில நூறு என்றே பல்லாண்டுகள் சொல்லப்பட்டு வந்தது. 3,000க்கு மேல் என்று பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று. பெயரை மாற்றினால் பயம் குறையும். பயம் குறைந்தால் சட்டமும் தளரும்.

நல்லவேளையாக விஞ்ஞானிகள் பெயரை மாற்றவில்லை. ரீட் என்னும் பேராசிரியர் பூகம்பத்துக்கு முன்னும் பின்னும் செய்த நில அளவைகளை ஒப்பிட்டு, 1910இல் ஒரு விளக்கம் தந்தார். ஒரு பிரம்பை இரு கைகளாலும் பிடித்து மெல்ல வளைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அது முறிந்து இரு துண்டுகளும் விருட்டென்று நிமிரும். பாறையும் அப்படியே. நூறு இருநூறு ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக வளைந்து, இறுதியில் ஒரு பிளவில் வழுக்கி நிமிர்ந்துவிடுகிறது; அந்த நிமிர்ச்சியே பூகம்பம். பாறையை வளைப்பது எது என்ற கேள்விக்கு மட்டும் அப்போது விடையில்லை. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இல் வெகனர் சொன்னபோது பெரும்பாலோர் நகைத்தனர். 1960களில்தான் அவ்வெண்ணம் நிலைபெற்றது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் இந்திய நிலத்தகடு வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டுவதும், அந்த முட்டலே இமயத்தை எழுப்பிக் காங்கிராவையும் பீகாரையும் ஆட்டியதும் பின்னரே தெளிவாயின.

இத்தாலியில் நடந்தது வேறு வகை. 1908 டிசம்பர் 28ஆம் தேதி விடியுமுன், சிசிலித் தீவின் மெசினா நகரமும் எதிர்க்கரையிலுள்ள ரெஜ்ஜோவும் அரை நிமிஷத்துச் சொச்சத்தில் சரிந்தன. சில நிமிஷங்களில் கடல் எழுந்து கரையோரத்தை வாரிக்கொண்டது. 75,000 பேருக்குமேல் இறந்தனர். இதன் வலிமை சான்பிரான்சிஸ்கோ பூகம்பத்தினும் குறைவு என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அங்கே 3,000, இங்கே 75,000. உருண்டைக் கற்களை மட்டமான சாந்தில் அடுக்கி, அதன்மேல் மாடிக்குமேல் மாடியாக ஏற்றிய நகரம் மெசினா. அருகில் பயிற்சிக்காக வந்திருந்த ருஷ்யக் கடற்படையின் இளம் மாலுமிகள்தாம் முதலில் வந்து வெறுங்கையால் தோண்டி மக்களை மீட்டவர்களில் அடங்குவர்.

அந்த அழிவிலிருந்து ஓர் அரிய காரியம் பிறந்தது. இத்தாலிய அரசாங்கம் அமைத்த பொறியாளர் குழு 1909இல் ஒரு கணக்கை முன்வைத்தது. கட்டடம் தன் பாரத்தைத் தாங்கி நின்றால் போதாது. கீழ்த்தளம் தன்மேலுள்ள பாரத்தில் 12இல் ஒரு பங்கு விசையையும், மேல்தளங்கள் 8இல் ஒரு பங்கு விசையையும் பக்கவாட்டில் தாங்க வேண்டும் என்பதே அது. நின்றிருக்கும் பஸ் திடீரென்று புறப்பட்டால் பிரயாணி பின்னால் சாய்கிறாரல்லவா? பூகம்பத்தில் அஸ்திவாரம்தான் பஸ், சுவர்தான் பிரயாணி. பிரயாணி பிடித்துக்கொள்ளக் கம்பி இருப்பதுபோல் சுவருக்கும் ஒரு பிடிமானம் வேண்டும். இவ்வளவு எளிய எண்ணம் எண்ணாக மாறிச் சட்டத்தில் ஏறுவதற்கு அத்தனை ஆயிரம் உயிர்கள் வேண்டியிருந்தன.

சட்டமும் கணக்கும் எட்டாத இடங்கள் உலகில் எத்தனையோ. 1920 டிசம்பர் 16ஆம் தேதி சீனத்தின் வடமேற்கில் ஹாய்யுவான் பகுதியில் தோன்றிய பூகம்பத்தில் 2 லட்சம் பேருக்குமேல் மாண்டனர். காற்று கொண்டுவந்து குவித்த மஞ்சள் மண்ணில் குகை குடைந்து வாழ்ந்த ஏழை மக்கள் அவர்கள். குன்றுகளே சரிந்து ஓடிக் கிராமங்களை மூடின. எஞ்சியவர்களைக் கடுங்குளிர் வருத்திற்று. உலகத்துக்குச் செய்தி போய்ச் சேரவே நாளாயிற்று. வெங் வென்ஹாவ் என்னும் சீனப் புவியியலாளர் பின்னர் அங்கே சென்று ஆராய்ந்தார். இறந்தோர் தொகையில் இந்த முப்பது ஆண்டுகளிலேயே பெரியது இதுதான். புத்தகங்களில் இதற்குக் கிடைக்கும் இடமோ சான்பிரான்சிஸ்கோவுக்குக் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இனி டோக்கியோ. பூகம்ப ஆராய்ச்சியில் அன்று உலகிலேயே முன்னணியில் நின்ற நாடு ஜப்பான். அதன் தலைசிறந்த நிபுணர் பேராசிரியர் ஓமோரி. அவரிடம் பணியாற்றியவர் இமாமுரா. சகாமி விரிகுடாவை ஒட்டி ஒரு பெரும் பூகம்பம் வரக்கூடும். டோக்கியோவின் மரவீடுகளில் தீப்பற்றினால் தண்ணீர்க்குழாய்களும் உடைந்திருக்கும். இறப்போர் லட்சத்தைத் தாண்டுவர். மண்ணெண்ணெய் விளக்குகளை ஒழித்து மின்விளக்குக்கு மாறுங்கள் என்று 1905இலேயே இமாமுரா எழுதினார். அடுத்த ஆண்டு ஒரு பத்திரிகை இதைப் பரபரப்புச் செய்தியாக்கவே, மக்கள் கலவரமடைந்தனர். ஓமோரி முன்வந்து, இது ஆதாரமற்ற பீதி என்று மறுத்தார். அவர் தீய எண்ணத்தோடு சொன்னவரல்லர். ஊரை அமைதிப்படுத்துவது தம் கடமை என்று கருதினார். இமாமுரா பல்லாண்டுகள் பொய்யரைப்போல் நடத்தப்பட்டார்.

1923 செப்டம்பர் 1ஆம் தேதி, பகல் 12 மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. டோக்கியோவிலும் யோக்கோஹாமாவிலும் வீட்டுக்கு வீடு பகலுணவுக்காக அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அருகில் கடந்த ஒரு புயலினால் காற்றும் பலமாக வீசிற்று. நிலம் ஆடிய சிறிது நேரத்துக்குள் நூற்றுக்குமேற்பட்ட இடங்களில் தீ எழுந்தது. மூட்டை முடிச்சுகளோடு ஓடிவந்த மக்கள் ஹோஞ்ஜோ என்னும் பகுதியில், ராணுவ உடைக் கிடங்கு இருந்த பரந்த வெட்டவெளியில் அடைக்கலம் புகுந்தனர். அங்கே நெருப்பே சுழற்காற்றாகி அவர்கள்மேல் இறங்கிற்று. அந்த ஒரு திடலில் மட்டும் ஏறத்தாழ 38,000 பேர் மாண்டனர். உயிர்போல் காத்துக் கொண்டுவந்த படுக்கையும் துணியுமே அங்கே விறகாயின. மொத்தத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,05,000 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தீக்கிரையானவர்கள். இமாமுரா எழுதியது ஒவ்வொரு வரியாக நடந்தேறியது.

அந்நேரத்தில் ஓமோரி ஆஸ்திரேலியாவில் சிட்னி நகருக்குச் சென்றிருந்தார். அங்குள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் பூகம்பமானியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே அதன் முள் ஆடத் தொடங்கிற்று. தம் ஊரின் அழிவு தம் கண்ணெதிரே காகிதத்தில் கோடாக எழுதப்படுவதைப் பார்க்கும் விதி வேறெந்த விஞ்ஞானிக்கும் வாய்த்திருக்குமா என்று தெரியவில்லை. நோயுற்று நாடு திரும்பிய அவர் நவம்பரில் காலமானார். அவருடைய பணியை ஏற்று நடத்தியவர் இமாமுராவே.

இந்தப் பூகம்பத்தின் கொடுமை தீயோடு நிற்கவில்லை. கொரியா அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்தது; பிழைப்புக்காகக் கொரியர் பலர் டோக்கியோப் பகுதியில் வந்து கூலிவேலை செய்து வாழ்ந்தனர். கொரியர்கள் கிணற்றில் நஞ்சு கலக்கிறார்கள், வீடுகளுக்குத் தீ வைக்கிறார்கள் என்று ஆதாரமற்ற வதந்தி பரவியது. தடியும் வாளும் ஏந்திய கும்பல்கள் தெருமுனைகளில் காவல் நின்றன. சந்தேகப்பட்டவனை நிறுத்தி, ‘பதினைந்து யென் ஐம்பது சென்’ என்பதை ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். உச்சரிப்புப் பிசகினால் அவன் கொரியன். உயிர் தப்புவது அரிது. வதந்தியை அடக்க வேண்டிய அதிகாரிகள் சிலரே அதைப் பரப்பினர். படைவீரரும் போலீசாரும்கூடக் கொலையில் பங்கு கொண்டனர். இவ்வாறு ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். பேச்சொலி வேறாயிருந்த சீனர் நூற்றுக்கணக்கிலும், சில ஜப்பானியருங்கூட இதற்கு இரையாயினர். வேற்று மண்ணில், வேற்று மொழிக்கு நடுவே, தாய்மொழியின் வாடை நாவில் மாறாமல் வாழ்வது எப்படி என்பதை அறிந்த நாம் இந்தப் பகுதியை விரைந்து தாண்டிப் போக முடியாது.

கட்டடக் கலையைப் பொறுத்தவரை ஒரு சிறு குறிப்பு. அமெரிக்கச் சிற்பி பிராங்க் லாயிட் ரைட் கட்டிய இம்பீரியல் ஓட்டல் அன்று விழாமல் நின்றதென்று உலகமெங்கும் புகழ் பரவியது. நின்றது உண்மைதான், ஆனால் அதன் அடித்தளம் பல இடங்களில் அமிழ்ந்தது. நய்த்தோ என்னும் ஜப்பானியப் பொறியாளர் கணக்கிட்டுக் கட்டிய தொழில் வங்கியின் கட்டடம் ஏறக்குறையச் சேதமே இல்லாமல் நின்றது. புகழ் ஓட்டலுக்குப் போயிற்று. சட்டமோ நய்த்தோ வழியில் போயிற்று: பக்கவாட்டு விசையைக் கணக்கிடும் விதியை ஜப்பான் 1924இல் சேர்த்துக்கொண்டது.

இப்போது பீகாருக்குத் திரும்புவோம். 1934 ஜனவரி 15ஆம் தேதி பிற்பகல் 2 மணி கடந்த சிறிது நேரத்தில் தோன்றிய அந்தப் பூகம்பம், நாம் இதுவரை பார்த்தவற்றுள் மிக வலியவற்றில் ஒன்று. அதன் மையம் கிழக்கு நேபாளத்தில் இருந்தது என்பது பிற்கால முடிவு. பீகாரில் 7,000க்கு மேலும், நேபாளத்தில் 8,500க்கு மேலும் மாண்டனர். பட்டப்பகலாதலால் மக்கள் வயலிலும் வெளியிலும் இருந்தனர். நள்ளிரவாயின் இத்தொகை பன்மடங்காகியிருக்கும். முங்கேர் நகரத்தின் நெருக்கமான கடைத்தெரு அங்கிருந்தோர் மேலேயே சரிந்தது. காட்மாண்டுவின் தரஹரா என்னும் உயர்ந்த கோபுரம் முறிந்து விழுந்தது.

முசாபர்பூரிலிருந்து சீதாமடி, மதுபனி வழியாகச் செல்லும் ஒரு நீண்ட பட்டையில் நடந்தது வினோதமானது. அங்கே வீடுகள் நொறுங்கவில்லை. அப்படியே சாய்ந்தன, அமிழ்ந்தன. வயல்களில் பிளவுகள் தோன்றி, அவற்றிலிருந்து நீரும் மணலும் ஊற்றாகப் பீறிட்டன. கிணறுகள் மணலால் தூர்ந்தன. நேயர்களில் கடற்கரையில் வளர்ந்தவர்கள் அறிவார்கள்: அலை வந்து போன ஈரமணலில் நின்று காலை விடாமல் அசைத்தால், கெட்டியாயிருந்த மணல் குழம்பாகும், நீர் மேலே வரும், பாதம் உள்ளே இறங்கும். கங்கைச் சமவெளியின் ஈரமணல் அன்று நூற்றுக்கணக்கான மைல் பரப்பில் அவ்வாறு குழம்பாயிற்று. நல்ல சுவரும் நல்ல கூரையுமாகக் கட்டிய வீட்டுக்கும் காலடியில் நிலமே இல்லாமற்போனால் என் செய்வது? வீட்டை மட்டும் பார்த்தால் போதாது, மண்ணையும் பார்க்க வேண்டும் என்று பீகார் சொல்லிற்று. இதை ஆராய்ந்தெழுதிய புவியியலாளர் குழுவில் டன், ஆடென், கோஷ், ராய் ஆகியோர் இருந்தனர். இந்த ஆடென், ஆங்கிலக் கவி ஆடெனின் உடன்பிறந்தவர்.

ஊருக்கு வந்த இடர் சிறைக்கதவைத் திறந்தது. நோயுற்று அரசாங்கக் காவலில் இருந்த ராஜேந்திர பிரசாத் இரண்டு நாளில் விடுதலையாகி நிவாரணக் குழுவை அமைத்தார். நேருஜி முங்கேருக்குச் சென்று மண்வெட்டி பிடித்து இடிபாடுகளைத் தோண்டினார். திரும்பிய சில நாட்களில் வேறொரு வழக்கில் கைதானார். கரும்பு வெட்டும் காலத்தில் சர்க்கரை ஆலைகள் சேதமுற்றதால், வயலில் நின்ற கரும்பை என்ன செய்வது என்பதும் நிவாரணக்காரர்களுக்கு ஒரு பெருங்கவலையாயிற்று. மார்ச்சு மாதம் காந்தியடிகளும் பீகாருக்கு வந்தார்.

அடுத்த ஆண்டே, 1935 மே 31ஆம் தேதி இரவு 3 மணியளவில் பலுசிஸ்தானத்தின் குவெட்டா நகரம் ஒரு நிமிஷத்துக்குள் மண்மேடாயிற்று. இறந்தவர்கள் 30,000க்குக் குறைவில்லை. இருமடங்கு என்று மதிப்பிடுவோரும் உண்டு. பச்சைச் செங்கல் சுவர், கனத்த மண்கூரை, உறக்க நேரம். முப்பது ஆண்டுகளுக்கு முன் காங்கிராவில் கண்ட காட்சியேதான். ராணுவம் நகரத்தைச் சுற்றி வளைத்து மூடிற்று. உதவிக்கு வர அனுமதி கேட்ட காந்தியடிகளுக்கும் ராஜேந்திர பிரசாத்துக்கும் அது மறுக்கப்பட்டது.

ஆனால் அந்த மண்மேட்டின் நடுவே சில வீடுகள் நின்றன. 1931இல் அதே பிரதேசத்தில் மாச் என்னும் இடத்தில் ஒரு பூகம்பம் வந்து ரயில்வேக் கட்டடங்களைச் சேதப்படுத்தியிருந்தது. அதன்பின் எஸ். எல். குமார் என்னும் ரயில்வேப் பொறியாளர், பூகம்பத்தைத் தாங்கும் ஊழியர் குடியிருப்புகளுக்கு வரைபடம் போட்டார். பழைய தண்டவாளங்களைச் சட்டமாகச் சேர்த்து, செங்கற்சுவரை அந்தச் சட்டத்தோடு பிணைத்து, பக்கவாட்டு விசையைக் கணக்கிட்டு அவை குவெட்டாவில் எழுப்பப்பட்டன. அவர் 1933இல் வெளியிட்ட கட்டுரையில், இந்தியாவில் எந்தெந்தப் பகுதிக்கு எவ்வளவு அபாயம் என்று காட்டும் வரைபடமும் இருந்தது. பீகார் பூகம்பத்துக்கு முந்திய ஆண்டு அது; குவெட்டாவுக்கு இரண்டாண்டு முந்தியது. 1935 மே மாதத்து இரவில், சுற்றிலும் வீடுகள் வீழ்ந்துகிடக்க, அந்த ரயில்வேக் குடியிருப்புகள் சேதமின்றி நின்றன. அவற்றில் குடியிருந்தோர் விடிந்ததும் வாயிற்படி வழியாகவே வெளியே வந்தனர். அவற்றின் சொந்தக்காரர் செல்வரோ அதிகாரிகளோ அல்லர் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. மாதச் சம்பளக்காரர்களுக்கான வீடுகள்தாம் அவை.

குவெட்டாவை மீண்டும் கட்டும்போது இந்தப் படிப்பினை விதியாக்கப்பட்டது. செங்கல்லை அடுக்கும்போதே இடையில் துளை விட்டு, அதில் இரும்புக் கம்பியை நட்டுச் சாந்தால் நிரப்பும் முறைக்குக் ‘குவெட்டாக் கட்டு’ என்றே பெயர் நிலைத்தது. இந்தியா முழுமைக்குமான பூகம்பக் கட்டட விதி 1962இல் வந்தது. பலமாடி வீட்டுக்கும் ஒற்றை மாடி வீட்டுக்கும் அதன் சாரம் ஒன்றே. வாசலுக்கும் சன்னலுக்கும் மேலே, லிண்டல் மட்டத்தில், எல்லாச் சுவர்களையும் ஒரு பெல்ட்டுப்போல் சுற்றிப் பிணைக்கும் கான்கிரீட் வார் ஒன்று செங்கல் வீட்டுக்கு வேண்டும். வடக்கே மனை வாங்கி வீடு எழுப்பும் நம்மவர் கொத்தனாரிடம் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. ஆகும் செலவு சிறிது. ஆற்றங்கரையிலோ குளத்தைத் தூர்த்த இடத்திலோ மனை என்றால், மண் பரிசோதனையையும் கேட்க வேண்டும்.

1934இல் விழுந்த காட்மாண்டுவின் தரஹராக் கோபுரம் மீண்டும் செங்கல்லாலேயே எழுப்பப்பட்டது. 2015 ஏப்ரல் 25ஆம் தேதி, நண்பகலுக்குச் சில நிமிஷங்கள் முன்பு, அது மறுபடி விழுந்தது. விடுமுறை நாளாதலால் மேலே ஏறி ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பலர். அடிமேடை மட்டும் எஞ்சியது. அதனருகே, பூகம்பத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்ட புதிய கோபுரம் 2021இல் திறக்கப்பட்டது.